குடிப்பதை நிறுத்தினாரா, குடிக்க நின்றாரா? ஜெரண்ட், இன்ஃபினிட்டிவ்: ஓர் எளிய விளக்கம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் மாலை 6.30 மணிக்கு ஆங்கில வகுப்பு நடக்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் நேர்காணலுக்குத் தயாராகிறவர்கள். போன மாதம், முதுநகரிலிருந்து வருகிற, நர்சிங் முடித்த பெண் ஒருத்தி தன் குடும்பத்தைப் பற்றிப் பத்து வரி எழுதி எடுத்து வந்தாள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று நேர்காணலில் கேட்டால் சொல்வதற்கு. நான்காவது வரியில் என் பேனா நின்றது.

"மை ஃபாதர் ஸ்டாப்டு டு ட்ரிங்க்."

எழுத்துப் பிழை இல்லை. காலமும் சரி. கணினியில் அடித்தால் அடியில் சிவப்புக் கோடுகூட விழாது, ஏனென்றால் இலக்கணப்படி இது முழுக்கச் சரியான வாக்கியம். "என்னம்மா சொல்ல வந்த?" என்று தமிழில் கேட்டேன். "அப்பா குடிக்கிறத நிறுத்திட்டாரு மிஸ். எட்டு வருஷமாச்சு. அதுக்கப்புறம்தான் நான் நர்சிங்கே சேர்ந்தேன்" என்றாள்.

அவள் எழுதிய ஆங்கிலம் அதைச் சொல்லவில்லை. "அப்பா குடிப்பதற்காக நின்றார்" என்று சொல்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் வழியில் ஒரு கடையைப் பார்த்து வண்டியை நிறுத்தினார், குடித்தார். படிக்கிறவர் மனதில் இந்தக் காட்சிதான் விழும். ஒரு மனிதர் எட்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றியதை "டு" என்கிற ஒரு சின்னச் சொல் தலைகீழாக்கிவிட்டது. அவள் எழுதியிருக்க வேண்டியது: "மை ஃபாதர் ஸ்டாப்டு ட்ரிங்கிங்."

எப்போது "டு", எப்போது "இங்" என்பது நம் ஊர்ப் பிள்ளைகளை ரொம்பப் படுத்துகிற கேள்வி. கடைகளில் விற்கிற இலக்கணப் புத்தகங்களில் இதற்கு நீளநீளமான பட்டியல்கள் இருக்கும். இந்த வினைகளுக்குப் பிறகு "டு", இந்த வினைகளுக்குப் பிறகு "இங்", மனப்பாடம் செய்துகொள் என்று. நானும் அப்படித்தான் படித்தேன், சில வருடம் அப்படியே நடத்தவும் செய்தேன். பட்டியல் மூன்றாம் நாள் மறந்துவிடும். அந்தப் பெண்ணிடம் தமிழில் கேட்டபோது அவள் யோசிக்காமலே "குடிக்கிறத நிறுத்திட்டாரு" என்றாள் பாருங்கள். "குடிக்க நிறுத்திட்டாரு" என்று அவள் வாயில் வரவே வராது. ஆங்கிலம் கேட்கிற வேறுபாடு அவள் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் காது கொடுத்துக் கேட்கப் பழகினால் போதும், இந்தப் பாடத்தில் முக்கால்வாசி முடிந்தது. மிச்சக் கால்வாசியில் தமிழ் நம்மைத் தவறான வழியில் இழுக்கும். அதையும் சொல்கிறேன்.

இரண்டும் என்ன?

ட்ரிங்க், ஸ்விம், குக் என்கிற வினைகளோடு "இங்" சேர்த்து, அதை ஒரு பெயர்ச்சொல்போல நடத்தினால் அது ஜெரண்ட். அதே வினைக்கு முன்னால் "டு" வைத்தால் இன்ஃபினிட்டிவ்: டு ட்ரிங்க், டு ஸ்விம், டு குக்.

பள்ளியில் தமிழ் ஐயா தொழிற்பெயர் நடத்தியது ஞாபகம் இருக்கும். படித்தல், நடத்தல், வருகை. ஒரு செயலுக்கே பெயர் வைப்பது தொழிற்பெயர். பேச்சில் "படித்தல்" என்று யாரும் சொல்வதில்லை, "படிப்பது", "படிக்கிறது" என்போம். வேலை ஒன்றுதான். ஜெரண்ட் என்பது ஆங்கிலத்தின் தொழிற்பெயர்.

இன்ஃபினிட்டிவ் நம் வினையெச்சங்களில் ஒன்றுக்குப் பக்கத்தில் வருகிறது. படிக்க, நடக்க, போக, வர. இலக்கணத்தில் இதைச் "செய" என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்பார்கள். இன்ஃபினிட்டிவ் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு "எல்லை கட்டப்படாதது" என்று பொருள். யார், எப்போது என்ற கட்டு அதற்கு இல்லை. தமிழிலும் பாருங்கள்: நான் படிக்க வந்தேன், அவள் படிக்க வருவாள், அவர்கள் படிக்க வருகிறார்கள். ஆள் மாறியது, காலம் மாறியது, "படிக்க" மட்டும் அப்படியே நிற்கிறது.

ஒன்று மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "இங்" போட்டதெல்லாம் ஜெரண்ட் ஆகிவிடாது. "ஷி இஸ் ஸ்விம்மிங்" என்றால் அவள் நீந்திக்கொண்டிருக்கிறாள். அது வினைதான். "ஸ்விம்மிங் இஸ் குட் ஃபார் ஹெல்த்" என்றால் நீந்துவது உடம்புக்கு நல்லது. இதுதான் ஜெரண்ட். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் "மியூசிக்" என்று ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். "ஐ என்ஜாய் மியூசிக்" நிற்கிறது, ஆகவே "ஐ என்ஜாய் ஸ்விம்மிங்" ஜெரண்ட். "ஷி இஸ் மியூசிக்" என்பது அந்த அர்த்தத்தில் நிற்காது.

"டு" முன்னால் பார்க்கும்

"ஐ வென்ட் டு பாண்டி" என்கிறோமே, அந்த "டு" திசையைக் காட்டுகிறது. இன்ஃபினிட்டிவில் வருகிற "டு"வும் பழைய ஆங்கிலத்தில் அதே "டு"தான். ஒன்றை நோக்கிப் போவது என்ற பொருளிலிருந்து வந்தது. ஆகவே "டு" வருகிற இடத்தில் அந்தச் செயல் பெரும்பாலும் இன்னும் நடக்கவில்லை, முன்னால் இருக்கிறது. "இங்" வருகிற இடத்தில் அந்தச் செயல் ஏற்கெனவே நடந்திருக்கும், அல்லது கையில் நடந்துகொண்டிருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள "ரிமெம்பர்" என்ற ஒரு வினை போதும். எங்கள் பக்கம் புயல் தெரியாத வீடு கிடையாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. அன்று விடியற்காலையில் கேட்ட காற்றின் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் எப்படிச் சொல்வோம்? "அந்தக் காத்து சத்தம் கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கு." கேட்டது முன்னால், ஞாபகம் பின்னால். ஆங்கிலத்தில்: "ஐ ரிமெம்பர் ஹியரிங் தட் விண்ட்."

இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் புயல் எச்சரிக்கை வரும்போது வீட்டில் என்ன சொல்கிறோம்? "மறக்காம போனுக்கு சார்ஜ் போடு, தண்ணி பிடிச்சு வை." இங்கே ஞாபகம் முன்னால் வர வேண்டும், செயல் அதற்குப் பிறகு. "ரிமெம்பர் டு சார்ஜ் யுவர் போன்." இந்த இடத்தில் "ரிமெம்பர் சார்ஜிங்" என்று சொன்னால், எப்போதோ சார்ஜ் போட்டதை நினைத்துப் பார் என்று ஆகிவிடும். கரண்ட் போன பிறகு அது உதவாது.

"ஃபர்கெட்"டும் அதே கதைதான். "கேட்டைப் பூட்ட மறந்துட்டேன்" என்றால் பூட்டவே இல்லை: "ஐ ஃபர்காட் டு லாக் த கேட்." "பூட்டினதை மறந்துட்டேன்" என்றால் பூட்டியாகிவிட்டது, அது நினைவில் இல்லை: "ஐ ஃபர்காட் லாக்கிங் த கேட்." இரண்டு தமிழ் வாக்கியங்களையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். "பூட்ட" என்ற இடத்தில் "டு", "பூட்டினதை" என்ற இடத்தில் "இங்". எந்தப் பட்டியலும் தேவைப்படவில்லை.

"ரிக்ரெட்" இதைவிட அழகு. வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு வருகிற கடிதம் இப்படித் தொடங்கும்: "வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ". தெரிவிக்க வருந்துகிறோம். இனிமேல்தான் தெரிவிக்கப் போகிறார்கள், அடுத்த வரியில். "ஐ ரிக்ரெட் செல்லிங் த லேண்ட்" என்றால் நிலத்தை விற்றதற்கு வருந்துகிறேன். விற்றாகிவிட்டது. தெரிவிக்க, விற்றதற்கு. தமிழே பிரித்துக் காட்டுகிறது.

"பார்" என்ற துணைவினை

"ட்ரை" என்ற வினையில் பெரியவர்களே தடுமாறுவார்கள். ஆங்கிலத்தில் "ட்ரை டு ஓப்பன்" ஒன்று, "ட்ரை ஓப்பனிங்" வேறொன்று.

கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்றுக்குக் கடை ஷட்டர்கள் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். தேவனாம்பட்டினம் பக்கம் கடை வைத்திருக்கிறவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். காலையில் ஒருவர் ஷட்டரைத் தூக்குகிறார், வரவில்லை. "திறக்க முயற்சி பண்ணினேன், முடியல." இது "ஐ ட்ரைடு டு ஓப்பன் த ஷட்டர்." பாடுபட்டார், நடக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் வந்து, "அண்ணே, கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாருங்க" என்கிறார். எண்ணெய் விடுவதில் ஒரு சிரமமும் இல்லை. விட்டால் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் விஷயம். இது "ட்ரை புட்டிங் சம் ஆயில்."

திறக்க முயன்றேன் என்பது "டு". விட்டுப் பார் என்பது "இங்". "செய்து பார்" என்று நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்! மாத்திரை போட்டுப் பார், வேற ரூட்ல போய்ப் பார், அவரிடம் கேட்டுப் பார். அத்தனையும் "ட்ரை" போட்டு "இங்" சேர்க்கிற வாக்கியங்கள். வகுப்பில் இதைச் சொன்ன அன்று, ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிற ஒருவர், பத்து வருடமாக மின்னஞ்சலில் "ப்ளீஸ் ட்ரை டு ரீஸ்டார்ட் த மெஷின்" என்று எழுதி வருவதாகச் சொன்னார். அது தவறான வாக்கியம் இல்லை. ஆனால் அவர் நினைத்தது "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்பதை. அதற்கு "ட்ரை ரீஸ்டார்ட்டிங்" பொருத்தம்.

இந்தச் "செய்து" வடிவத்தை இன்னும் கொஞ்சம் கவனியுங்கள், இதற்கும் "இங்"குக்கும் நல்ல உறவு உண்டு. "படித்து முடித்தேன்" என்பது "ஐ ஃபினிஷ்டு ரீடிங்." "கேட்டுக்கொண்டே இருந்தான்" என்பது "ஹி கெப்ட் ஆஸ்கிங்." "சொல்லிப் பயனில்லை" என்பது "இட்ஸ் நோ யூஸ் டெல்லிங் ஹிம்." ஆகவே ஃபினிஷ், கீப் போன்ற வினைகளுக்குப் பிறகு என்ன வரும் என்று குழம்பினால், தமிழில் சொல்லிப் பாருங்கள். "படிக்க முடித்தேன்" என்று யாரும் சொல்ல மாட்டோம். அதனால் "ஃபினிஷ்டு டு ரீட்" கிடையாது.

மற்ற வினைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். போக ஆசைப்படுகிறேன், போக முடிவு செய்தேன், போகத் திட்டமிட்டேன், போக மறுத்தேன், ஓட்டக் கற்றுக்கொண்டேன், வரச் சம்மதித்தார். எல்லாம் "செய" வடிவம், எல்லாவற்றுக்கும் "டு": வாண்ட் டு கோ, டிசைடு டு கோ, பிளான் டு கோ, ரெஃப்யூஸ் டு கோ, லேர்ன் டு டிரைவ், அக்ரீ டு கம். இன்னொரு பக்கம்: பாடுவதை ரசித்தேன், பேசுவதைத் தவிர்த்தேன், எடுத்ததை ஒப்புக்கொண்டான், எடுத்ததை மறுத்தான். எல்லாம் "செய்வதை", "செய்ததை". எல்லாவற்றுக்கும் "இங்": என்ஜாய் சிங்கிங், அவாய்டு டாக்கிங், அட்மிட் டேக்கிங், டினை டேக்கிங். "மறு" என்ற ஒரே தமிழ் வினை இரண்டு பக்கமும் வந்திருப்பதைப் பார்த்தீர்களா? போக மறுத்தால் ரெஃப்யூஸ், எடுத்ததை மறுத்தால் டினை. நமக்கு வினை ஒன்று, ஆனாலும் அதற்கு முன்னால் வருகிற வடிவம் சரியாகவே பிரிகிறது. இதைக் கண்டுகொண்ட நாள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தமிழ் கைவிடுகிற இடங்கள்

முதல் இடம், கடிதத்தின் கடைசி வரி. "உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்." சந்திக்க என்றதும் நம் காது "டு மீட்" என்கிறது. "ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ" என்று எழுதிவிடுகிறோம். சரியானது "லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ." இங்கே இருக்கிற "டு" இன்ஃபினிட்டிவின் "டு" இல்லை, "பாண்டிக்கு" என்பதில் இருக்கிற "கு" மாதிரியான "டு". எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த "டு"வுக்குப் பிறகு ஒரு சாதாரணப் பெயர்ச்சொல் நிற்குமா என்று பாருங்கள். "லுக்கிங் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்" நிற்கிறது. அப்படியானால் அங்கே வினையும் பெயர்ச்சொல்லாக மாறித்தான் நிற்க வேண்டும், அதாவது "இங்". "ஐ வாண்ட் டு த ஹாலிடேஸ்" நிற்காது. அங்கே "டு மீட்"தான்.

இதே சோதனையால் "யூஸ்டு டு" குழப்பமும் தீரும். இதை நான் நர்சிங் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் வேலையே இதில் இருக்கிறது. "ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் நைட் ஷிஃப்ட்ஸ்" என்றால் இரவுப் பணி எனக்குப் பழகிவிட்டது. "ஐ யூஸ்டு டு வொர்க் நைட் ஷிஃப்ட்ஸ்" என்றால் முன்பு இரவில் வேலை பார்த்தேன், இப்போது இல்லை. இரவுப் பணிக்கு ஆள் எடுக்கிறவர் முன்னால் உட்கார்ந்து இரண்டாவதைச் சொன்னால் அவர் என்ன நினைப்பார்?

அடுத்தது "-வதற்காக". "மாமாவைப் பார்ப்பதற்காகப் பாண்டிக்கு வந்தேன்." இதில் "காக" இருப்பதால் "ஃபார்" தேடி, "ஐ கேம் டு பாண்டி ஃபார் சீயிங் மை அங்கிள்" என்று எழுதுவார்கள். ஒரு ஆள் ஏன் ஒரு காரியம் செய்தார் என்று சொல்லும்போது "டு" மட்டும் போதும்: "டு சீ மை அங்கிள்." "ஃபார்" போட்டு "இங்" சேர்ப்பது ஒரு பொருளின் பயனைச் சொல்வதற்கு. "திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் ஃபிஷ்." இந்தக் கத்தி மீன் வெட்டுவதற்கு. கத்திக்கு "ஃபார்", மனிதருக்கு "டு" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சஜெஸ்ட்" என்பதில் படித்தவர்களும் விழுவார்கள். "மை ஃபிரெண்ட் சஜெஸ்டட் மீ டு அப்ளை" என்று எங்கும் கேட்கலாம், ஆனாலும் நல்ல ஆங்கிலத்தில் அது ஏற்கப்படாது. "சஜெஸ்டட் அப்ளையிங்" அல்லது "சஜெஸ்டட் தட் ஐ அப்ளை". தமிழில் "அப்ளை பண்ணச் சொன்னாள்" என்கிறோம், அதனால் வருகிற தடுமாற்றம் இது. "பண்ணச் சொன்னாள்" என்பதற்கு "டோல்டு மீ டு அப்ளை" சரியாகப் பொருந்தும். சஜெஸ்ட் என்பது "பண்ணலாமே" என்று சொல்வது. முன்னால் சொன்ன திசைக் கணக்கும் இங்கே பொய்க்கிறது: இனி நடக்க வேண்டிய செயல், ஆனால் "இங்" வருகிறது. இதையும், "கதவைத் திறக்க முடியுமா?" என்று பணிவாகக் கேட்கிற "வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த டோர்?" என்பதையும் மனப்பாடமாகவே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"சொல்வது எளிது" என்பதில் "வது" இருக்கிறது. "சேயிங் இஸ் ஈஸி" என்றால் தவறில்லை. ஆனால் ஆங்கிலக்காரர் வாயில் "இட் இஸ் ஈஸி டு சே" என்றுதான் இயல்பாக வரும். "இட் இஸ்" என்று தொடங்கி ஈஸி, டிஃபிகல்ட், இம்பார்ட்டன்ட் மாதிரி ஒரு சொல் வந்தால் பின்னால் "டு" போடுங்கள். "நைஸ் டு மீட் யூ"வும் அப்படித்தான். சந்தித்தவுடன் அதைச் சொல்லிவிட்டு, பேசி முடித்துக் கிளம்பும்போது "நைஸ் மீட்டிங் யூ" என்பார்கள். சந்திப்பு முடிந்துவிட்டது, அதனால் "இங்".

புதுச்சேரியில் ஒரு வகுப்பு

சனிக்கிழமைகளில் லாஸ்பேட்டையில் ஒரு வகுப்பு எடுக்கிறேன். கடலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான், ஆனால் அங்கே பிழைகளே வேறு மாதிரி இருக்கும். சொல்தா வீட்டுப் பிள்ளைகள் சிலர் வருகிறார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். இந்தப் பிள்ளைகள் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வருகிறவர்கள்.

"சாப்பிடாமல் போனான்" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். கடலூர்ப் பையன் என்றால் "ஹி வென்ட் வித்தவுட் ஈட்" என்று எழுதியிருப்பான். அன்று ஒரு மாணவர் "ஹி வென்ட் வித்தவுட் டு ஈட்" என்று எழுதியிருந்தார். எங்கிருந்து வந்தது இந்த "டு"? அவரே சொன்னார்: பிரெஞ்சில் "ஸான் மான்ஜே" என்பார்கள். "ஸான்" என்றால் இல்லாமல், "மான்ஜே" என்பது பிரெஞ்சு இன்ஃபினிட்டிவ். "போவதற்கு முன்" என்பதற்கும் பிரெஞ்சில் இன்ஃபினிட்டிவ்தான். அந்த மொழியில் பெரும்பாலான முன்னிடைச் சொற்களுக்கு, அதாவது ப்ரெபொசிஷன்களுக்குப் பிறகு அப்படித்தான் வரும். ஆங்கிலம் நேர் எதிர். வித்தவுட், பிஃபோர், ஆஃப்டர், பை, ஆஃப், இன், ஃபார், அபவுட் என்று எது வந்தாலும் பின்னால் வருகிற வினை "இங்" போட்டுக்கொள்ள வேண்டும். வித்தவுட் ஈட்டிங். பிஃபோர் கோயிங். குட் அட் குக்கிங். தேங்க் யூ ஃபார் கமிங். இந்தப் பாடம் முழுவதிலும் ஏறக்குறைய விதிவிலக்கே இல்லாத விதி இது ஒன்றுதான்.

தமிழர்களுக்கு இது எளிதாக வர வேண்டும். "வந்ததற்கு நன்றி", "போவதற்கு முன்", "சமைப்பதில் கெட்டிக்காரி" என்று நாமும் வேற்றுமை உருபு போடுவதற்கு முன் வினையைப் பெயராக்கிக்கொள்கிறோம். "வந்தான்" என்பதோடு "கு" ஒட்டாது, "வந்தது" என்று ஆக்கினால்தான் "வந்ததற்கு" ஆகும். ஆங்கிலமும் அதையேதான் செய்கிறது. சாப்பிடாமல் என்பது மட்டும் நமக்கு வினையெச்சமாகவே நிற்பதால் அங்கே வழுக்குகிறது. விடுப்புக் கடிதத்தில் "வராததற்கு மன்னிக்கவும்" என்பதற்கு "ஐ அபாலஜைஸ் ஃபார் நாட் கமிங்". "நாட்" முன்னால் வரும், அவ்வளவுதான். "போக வேண்டாம் என்று முடிவு செய்தாள்" என்றால் "ஷி டிசைடட் நாட் டு கோ".

பிரெஞ்சு கவர்னர் டியூப்ளேயிடம் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்த ஊர் இது. துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். அதே காலத்தில், தெற்கே எங்கள் தேவனாம்பட்டினத்தில், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டையில் ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே "ஸான் மான்ஜே", அங்கே "வித்தவுட் ஈட்டிங்", நடுவில் சாப்பிடாமல் நின்ற நம் ஆட்கள். இரண்டு பக்கத்துக்கும் பேச்சை மாற்றிக் கொடுத்தவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

இன்னும் கொஞ்சம்

"டு"வும் இல்லாமல் "இங்"கும் இல்லாமல் வினை தனியாக நிற்கிற இடங்களும் உண்டு. கேன், வில், மஸ்ட், ஷுட் ஆகியவற்றுக்குப் பிறகு வெறும் வினை. "ஐ கேன் டு ஸ்விம்" கிடையாது. "லெட்", "மேக்" இரண்டுக்குப் பிறகும் அப்படியே: "லெட் மீ கோ", "ஷி மேட் மீ வெயிட்." என்னைக் காத்திருக்க வைத்தாள் என்பதில் "காத்திருக்க" இருப்பதால் "டு வெயிட்" என்று கை போகும், தடுத்துக்கொள்ளுங்கள்.

பிகின், ஸ்டார்ட், கன்டினியூ ஆகியவற்றில் எதைப் போட்டாலும் சரி. "இட் ஸ்டார்ட்டட் டு ரெயின்", "இட் ஸ்டார்ட்டட் ரெயினிங்", இரண்டும் ஒன்றுதான். லைக், லவ் இரண்டும் கிட்டத்தட்ட அப்படியே. ஆனால் "வுட் லைக்" வந்துவிட்டால் "டு" மட்டும்தான். "எனக்கு டீ குடிப்பது பிடிக்கும்" என்றால் "ஐ லைக் ட்ரிங்கிங் டீ". "இப்ப ஒரு டீ குடிக்கணும் போல இருக்கு" என்றால் "ஐ வுட் லைக் டு ஹேவ் எ டீ".

பயிற்சிக்கு நான் தருவது ஒன்றே ஒன்று. இரவில் படுக்கும் முன் அன்று செய்த காரியங்களில் மூன்றைத் தமிழில் சொல்லுங்கள், பேச்சுத் தமிழிலேயே. மறந்தது ஒன்று, செய்து பார்த்தது ஒன்று, முடித்தது ஒன்று. "கேஸ் புக் பண்ண மறந்துட்டேன். புது ரூட்ல போய்ப் பார்த்தேன். துணி துவைச்சு முடிச்சேன்." அப்புறம் அதே மூன்றை ஆங்கிலத்தில். ஐ ஃபர்காட் டு புக் த கேஸ். ஐ ட்ரைடு டேக்கிங் எ நியூ ரூட். ஐ ஃபினிஷ்டு வாஷிங் த க்ளோத்ஸ். புத்தகத்தைத் திறக்கத் தேவையில்லை, பத்து நிமிடம் போதும்.

முதுநகர்ப் பெண் இரண்டு நாள் கழித்துப் பத்து வரியையும் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். நான்காவது வரி இப்போது இரண்டு வாக்கியமாகியிருந்தது: "மை ஃபாதர் ஸ்டாப்டு ட்ரிங்கிங் எய்ட் இயர்ஸ் அகோ. எவ்ரி ஈவினிங் ஆஃப்டர் வொர்க் ஹி ஸ்டாப்ஸ் அட் எ ஷாப் நியர் த ஹார்பர் டு ட்ரிங்க் டீ."

"இந்த ரெண்டாவது 'டு' சரிதானே மிஸ்?" என்றாள். சரி என்று பக்கத்தில் டிக் போட்டேன்.